வலது காது

மோகனா ஹெட்ஃபோனை அப்பாவின் தலையில் மாட்டி, ஆக்சிஜன் குழாய் நசுங்காமல் ஒதுக்கிவிட்டு, போனில் பட்டனைத் தட்டினாள். நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. தம்பி முத்துராமன் வெளிநாட்டில், பெர்த் நகரத்திலிருந்து அனுப்பியிருந்த பேச்சு.

"கேக்குதாப்பா?"

அழகர்சாமி கண்ணை மூடிக்கொண்டார். சரி, கேட்கிறார் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையில்தான் டாக்டர் வந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆறு வருஷப் பஞ்சாயத்து இது. அம்மா இறந்தபோது மண்டாய் தகனச்சாலையில் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். முத்துராமனின் விமானம் தாமதமாகி ஐந்தரைக்குத்தான் சாங்கியில் இறங்கியது. நேரம் தப்பினால் அடுத்தவர்களுக்கு இடைஞ்சல் என்று அப்பா காத்திருக்கவில்லை. மகன் செய்ய வேண்டியதைத் தானே செய்து முடித்துவிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து நேராக மண்டாய்க்கு வந்தவன், எல்லாம் முடிந்து வெளியே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் மோகனாதான் தபால்காரி. "அப்பா உன்னையேதான்டா கேட்டுக்கிட்டு இருக்காரு" என்று அவனிடமும், "உங்களப் பத்தி ரொம்ப விசாரிச்சான்ப்பா" என்று இவரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே சலித்துவிட்டது. அப்பா அதை நம்பியதும் கிடையாது. "அவன் ஒண்ணு சொன்னா நீ மூணு சேத்துச் சொல்லுவ. அவன் வாயால கேக்கணும்மா எனக்கு" என்பார். இந்த ஒரு மாதமாக அந்தப் பேச்சு மட்டும்தான்.

இன்று காலை போன் செய்து, இப்போதாவது பேசித் தொலையேன்டா என்று கெஞ்சினாள். அவனால் முடியவில்லை. "அப்பா கொரலக் கேட்டா எனக்குப் பேச்சே வராதுக்கா. ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டு பிளைட் ஏறிடுறேன். நீ கேக்காத லா, அப்பாவுக்கு மட்டும்." சொன்னபடி அனுப்பிவிட்டு ஏறிவிட்டான். இந்நேரம் கடலுக்கு மேலே எங்கேயோ இருப்பான்.

நாலு நிமிஷமும் ஓடி முடிந்தது. அழகர்சாமி கண்ணைத் திறந்தார்.

"இவன் ஒண்ணும் பேசலையேம்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"சும்மாத்தான் இருந்துச்சு. இப்பப் பேசுவான், இப்பப் பேசுவான்னு நானும் பாத்தேன்." மூச்சு வாங்கியது. "பேச இஷ்டமில்லபோல. அவனத் திட்டாத."

மோகனா ஹெட்ஃபோனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டினாள். இடது காதில் தம்பியின் குரல் கணீரென்று கேட்டது. வலது காதில் ஒன்றுமே இல்லை, துளிச் சத்தம்கூட இல்லை.

அட அறிவுகெட்டவனே! எல்லாரையும்போல போனில் பேசி அனுப்ப வேண்டியதுதானே? இவனுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிற பொழுதுபோக்கு. அதற்கென்று வாங்கிய பெரிய மைக்கில்தான் அப்பாவிடம் பேசுவேன் என்று உட்கார்ந்திருக்கிறான். இருக்கிறது ஒரே மைக். அதை ஒரு துளையில் செருகிவிட்டு ஸ்டீரியோவில் பதிந்தால் குரல் இடது பக்கத்தில் மட்டும்தான் விழும், வலது பக்கம் வெறுமையாக இருக்கும். யூடியூபில் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது.

இது மோகனாவுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அப்பாதான். ஷிப்யார்டில் முப்பத்தொரு வருஷம் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி அவர் காது இரண்டும் பழுது. மூன்று வருஷத்துக்கு முன் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் கேட்டது, பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் புரியும், பாட்டுக்கு ஹெட்ஃபோன் வைத்தாக வேண்டும். "பாட்டு பாதிதான்மா வருது, வயலினக் காணோம்" என்று தினமும் புலம்புவார். ஸ்டீரியோவில் வயலின் ஒரு பக்கம், பாடுகிறவர் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள், ஒற்றைக் காதுக்காரர் என்ன செய்வார்? அவள் கார்கோ ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு லேப்டாப்பில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்கிக் கொடுப்பாள். அப்படியே நானூறு பாட்டு ஆகியிருந்தது. இன்றைக்கும் அந்த வேலைக்காகத்தான் லேப்டாப் பைக்குள் இருந்தது.

"அப்பா, பேசியிருக்கான்ப்பா. எல்லாம் உங்க கேக்காத காதுல போய் விழுந்திருக்கு. அஞ்சு நிமிஷம் இருங்க, சரி பண்ணிக் கொண்டாறேன்."

"நீ எல்லாத்தையும் சரி பண்ணுவம்மா" என்றார் அழகர்சாமி. அது பாராட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் பேசவே இல்லை, இவள் எதையோ ஒட்டிக் கொண்டுவரப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அந்த நினைப்போடு இந்த மனுஷனை அனுப்பிவிடக் கூடாது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. கட்டிலைச் சுற்றி இருந்த பிளக்குகளிலெல்லாம் மெஷின்கள்.

"அக்கா, இங்க போட முடியாது லா" என்றாள் நர்ஸ் நஸீஹா. "வெளிய வாட்டர் டிஸ்பென்சர் பக்கத்துல ஒரு பிளக் இருக்கு. நான் அப்பாவப் பாத்துக்குறேன், போங்க."

வராந்தாவில் தரையில் உட்கார்ந்து செருகினாள். திறந்தால், அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்று நீலத் திரை. இருபது சதவீதம். இருபத்தொன்று. போன வாரம் முழுக்கச் சும்மா கிடந்த சனியன், இன்றைக்குத்தான் அதற்கு நல்ல நாள் பார்த்திருக்கிறது! லேப்டாப்பைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள். குடிக்கத் தண்ணீர் பிடிக்க வந்த சீனப் பாட்டி இவளைச் சுற்றிக்கொண்டு போனாள். அப்டேட் முடியவே பதினோரு நிமிஷம் ஆனது.

ஃபைலைத் திறந்தாள். மேல் வரியில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. கீழ் வரியில் வெறும் நேர்கோடு. இரண்டையும் பிரித்து, கீழ் வரியை அழித்து, மேல் வரியை மோனோவாக்கினாள். இரண்டு நிமிஷ வேலைதான். அப்போதே சேமித்து எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் காதில் வைத்தாள். கேட்காதே என்றுதான் சொல்லியிருந்தான். கேட்டாள்.

"எனக்காக ஒன்றர மணி நேரம் உங்களால வெயிட் பண்ண முடியலல்ல?" என்று முத்துராமன் ஆரம்பித்தான். அம்மா முகத்தைப் பார்க்க விடவில்லை என்றான். அடுத்தவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று பார்த்தவர், சொந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை என்றான். மூன்று நிமிஷத்துக்கு மேல் இதேதான். கடைசியில் மூக்கை உறிஞ்சினான். "சொல்லிட்டேன்ப்பா. இனிமே ஒண்ணும் இல்ல, கோவம் எல்லாம் போயிருச்சு. வந்துக்கிட்டே இருக்கேன். இந்தத் தடவையாச்சும் எனக்காக இருங்கப்பா."

அந்த மூன்று நிமிஷத்தைச் சாகக் கிடக்கிற மனுஷன் காதில் எப்படிப் போடுவது? மோகனா அதை முழுக்கத் தேர்ந்தெடுத்து வெட்டினாள். மிச்சம் ஐம்பது நொடி. கேட்டுப் பார்த்தாள், இனிப்பாக இருந்தது, அவள் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பொய்களைப்போலவே இருந்தது. அப்பா ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு அம்மா முகத்தைப் பற்றிய இடத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று தோன்றியது. எடுத்தாள். பேச்சு நடுவில் தடுக்கியது. அதையும் திரும்ப ஒட்டினாள். நீங்களாச்சு, உங்க பிள்ளையாச்சு, முழுசாகவே கேளுங்கள் என்று கடைசியில் அப்படியே சேமிக்கக் கொடுத்தாள்.

"அக்கா! வாங்க, சீக்கிரம்!"

திரையில் பச்சைக் கோடு பாதிவரை வந்திருந்தது.

அவள் உள்ளே ஓடியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அழகர்சாமியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட்டாள். வலது பக்கம் போய் நின்றுதான் கூப்பிட்டாள். டாக்டர் வந்து, பார்த்து, மணியைச் சொன்னார். ஒன்று இருபத்தைந்து.

டாக்டர் போன பிறகு நஸீஹா குழாயை மெதுவாக எடுத்தாள். மோகனா திறந்த லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"தம்பி பேசினது இடது பக்கம்தான் விழுந்திருந்துச்சு. அப்பாவுக்கு வலது காதுதான் கேக்கும். அதான் மாத்திக்கிட்டு இருந்தேன்."

"அடடா" என்றாள் நஸீஹா, தலையணையைச் சரிசெய்துகொண்டே. "ஹெட்ஃபோனத் திருப்பி மாட்டியிருந்தா போதுமேக்கா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். "சாரிக்கா. சாரி."

மோகனா ஹெட்ஃபோனைப் பார்த்தாள். பாட்டுக்குத் திருப்பி மாட்டிப் பயனில்லை, இரண்டு பக்கமும் வேண்டும், கலந்தால்தான் ஆயிற்று. நானூறு தடவை கலந்து பழகிய கைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இது ஒற்றைக் குரல். இடதை வலதில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். அரை நொடி வேலை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம்போல் ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

மறுநாள் மதியம் பிடோக்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பாவின் பெட்டி இருந்தது. முத்துராமன் வேட்டியோடு, சடங்கு நடத்த வந்த பண்டாரம் சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தான். வாய்க்கரிசி போட்டாயிற்று. மண்டாயில் மூன்று மணிக்கு நேரம். பஸ் வந்து நின்றுவிட்டது. வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டதைத் தவிர, காலையிலிருந்து அவன் பெட்டியின் கால்மாட்டிலேயே நின்றான். தானாகத் தலைப்பக்கம் போகவே இல்லை. மோகனாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

பெட்டிக்காரர் மூடியைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது அவன் அவள் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அக்கா. அப்பா கேட்டாராக்கா?"

கேட்டாருடா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம். சொன்னால் நம்பிவிடுவான், நிம்மதியாகக் கொள்ளி வைப்பான், யாருக்கும் நஷ்டமில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். மீசையை எடுத்திருந்ததால் பள்ளிக்கூடத்துப் பையன்போல் இருந்தான்.

"இல்லடா. கேக்கல."

"டைம் இல்லையா?"

"டைம் இருந்துச்சு! நீ ஒத்த மைக்க ஸ்டீரியோல போட்டு வச்சிருக்க. குரல் பூரா லெஃப்ட்ல. அவருக்கு லெஃப்ட் காது போயி மூணு வருஷம் ஆச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையேக்கா."

"கேட்டாதானடா சொல்லுவாங்க!" குரல் ஏறிவிட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குறைத்துக்கொண்டாள். "நாலு நிமிஷமும் காதுல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு. நீ ஒண்ணும் பேசலன்னு நெனச்சிட்டாரு. அவனத் திட்டாதன்னு என்கிட்ட சொன்னாரு. நான் அதச் சரி பண்ணப் போயி, உக்காந்து வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். ஹெட்ஃபோனத் திருப்பி மாட்டியிருந்தா போதும், எனக்குத் தோணல. அது என் தப்பு. போதுமா?"

முத்துராமன் மேல்துண்டின் நுனியை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"மூடிறலாமாண்ணே?" என்றார் பெட்டிக்காரர்.

"ரெண்டு நிமிஷம்" என்றான் முத்துராமன். முதல்முறையாகத் தானாகத் தலைப்பக்கம் போனான். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். "அப்பா" என்றான்.

மோகனா பார்த்தாள். அவன் இடது பக்கம் நின்றிருந்தான்.

"அய்யோ, அந்தப் பக்கம் இல்லடா!"

போய் அவன் முழங்கையைப் பிடித்தாள். குத்துவிளக்கைத் தாண்டி, சித்தியின் நாற்காலியை நகர்த்தச் சொல்லி, பெட்டியைச் சுற்றி அவனை இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். வலது பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். காதை மூடிக் கிடந்த மாலையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"இங்க. இப்பப் பேசு."

அவன் குனிந்தான். மோகனா அங்கே நிற்கவில்லை. அவன் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு, பஸ் பக்கமாக நடந்து போனாள். பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"நேரமாச்சும்மா. மூணு மணிக்கு அங்க இருக்கணும், நமக்கு அடுத்து வேற ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும் சாமி. அவன் பேசி முடிக்கட்டும்."

டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு, பிறகு அணைத்தார். முத்துராமன் ஒரு கையால் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி இன்னும் குனிந்துதான் இருந்தான்.