சொல்லாமல் விட்ட வேலைக்காரி

அந்த நாடக அரங்கத்தில் யாரும் விரும்பி வாங்காத இருக்கை என்று ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் கடைசி வரிசை, தூணுக்கு நேர் பின்னால். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அரங்கத்தைக் கட்டிய புண்ணியவான்கள் மாடியைத் தாங்கத் தூண் வைத்தார்களே ஒழிய, அதற்குப் பின்னால் உட்காருகிறவன் எதைப் பார்ப்பான் என்று யோசிக்கவில்லை. மாதாமாதம் முதல் ஞாயிறு மதியக் காட்சிக்கு அந்த இடத்தில் பூட்டுக்காரர் வந்து ஜம்மென்று உட்காருவார். பூட்டுச் சாவிக் கடை வைத்திருந்தவர், இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. பக்கத்து இருக்கையில் அவர் மனைவி. மேடையில் நடப்பதையெல்லாம் அவர் காதோரம் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டே வருவாள். அரங்கத்து ஆட்கள் அவளுக்கு ‘கமென்ட்ரி அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நன்றாகவும் சொல்வாள். “ராஜா வர்றாரு. கிரீடம் பெருசு, காதுதான் தாங்கிப் பிடிக்குது.” “வில்லன் திரைக்குப் பின்னால நிக்கிறான். பூட்ஸ் வெளிய தெரியுது, அது அவனுக்குத் தெரியலை.” முன்வரிசைக்காரர்கள் முதலில் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். போகப் போக அவர்களும் காதைக் கொடுத்தார்கள். உயரமான ஆளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஓர் அம்மாள், “இப்ப என்னக்கா பண்றான்?” என்று அவளிடமே கேட்டதும் உண்டு.

மேடையில் ஒரு பூனை குறுக்கே போனால்கூடச் சொல்லிவிடுகிற அவள், ஒரே ஒருத்தியை மட்டும் சொல்லமாட்டாள். தட்டை ஏந்தி வரும் வேலைக்காரி, கூட்டத்தில் ஓரமாக நிற்பவள், பிணமாகப் படுத்திருப்பவள், எந்த நாடகமானாலும் அந்தப் பேச்சில்லாத வேஷத்தில் வருவது அவர்களுடைய மகள்.

பூட்டுக்காரர் சின்ன வயதிலிருந்தே நாடகப் பைத்தியம். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் நாடகக் கம்பெனியில் சேரப்போகிறேன் என்றதும் குதி குதியென்று குதித்தார். ஊரான் பெண் நடித்தால் கைதட்டல், தன் பெண் நடித்தால் மானக்கேடு. அது என்ன நியாயமோ, கைதட்டுகிறவர்களைத்தான் கேட்கவேண்டும். “இனி உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்” என்று வாசலில் நின்று சொன்னார். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலாவது வருஷம் கண்ணில் அழுத்தம் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் போயின. சொன்ன சொல்லைக் காப்பாற்ற மனுஷன் இவ்வளவு தூரம் போயிருக்கவேண்டாம் என்று மனைவி ஒருநாள் சமையலறையில் தனியாகச் சொல்லிக்கொண்டாள். சொன்ன பாவத்துக்கு அன்று முழுக்க அழுதாள்.

மகள் இந்த அரங்கத்தில்தான் நடிக்கிறாள் என்று, இருட்டில் இடம் காட்டும் டார்ச்காரர் மூலமாக மனைவிக்குத் தெரியவந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். வீட்டில் போனை எடுத்தால் அவர் காதுக்குத் தப்பாது. அதனால், “வீட்டுக்குள்ளயே கிடக்காம மாசம் ஒரு நாடகத்துக்குப் போலாம்ங்க, நான் சொல்றேன், நீங்க கேளுங்க” என்று அவரைக் கிளப்பினாள். மகளுக்கும் சொல்லியனுப்பினாள். குரலைக் கேட்டால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று மகள் முதல் ஞாயிறுகளில் பேச்சில்லாத வேஷமாகக் கேட்டு வாங்கினாள். “இந்தப் பொண்ணு ஊமை வேஷத்துக்குத்தான் லாயக்கு” என்று கம்பெனி முதலாளியும் நாளடைவில் மற்ற நாட்களுக்கும் அதையே ஒதுக்கிவிட்டார். ஒரு தாய் மாதத்தில் இரண்டு மணி நேரம் தன் பெண்ணைப் பார்க்க இத்தனை ஏற்பாடு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு, திரை விலகுமுன் முதலாளி மேடையில் வந்து நின்று கைகூப்பினார். நாடகத்தில் மூத்த மகளாக நடிப்பவருக்குக் காய்ச்சல், இன்று அந்த வேஷத்தை வேறொருவர் ஏற்கிறார் என்றார். மாடியிலிருந்து சலசலப்பு. டிக்கெட்டைத் திருப்பிக் கொடு என்று ஒரு குரல். திரை விலகியது. மூத்த மகளின் கறுப்பு உடையில் வந்து நின்றவள் கமென்ட்ரி அக்காவின் மகள்தான். தட்டோடு எல்லாக் காட்சியிலும் நின்றவளாயிற்றே, வசனம் அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்.

கமென்ட்ரி அக்கா இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். அந்த நாடகத்தில் பாதிப் பேச்சு மூத்த மகளுடையது. வாயைத் திறந்தால் போச்சு, இன்றோடு இந்த ஞாயிறுகளும் போச்சு.

மகள் வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரலே இல்லை. தொண்டையை இறுக்கி, கட்டையாக்கி, வாய்க்குள்ளேயே முனகினாள். கோபமாகச் சொல்லவேண்டியதையும் முனகினாள், அழவேண்டிய இடத்திலும் முனகினாள். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த வேஷத்தைத் தூணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஜோடிக் காதுக்குப் பயந்து தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கலை!” என்றார் மாடியில் ஒருவர்.

“சாப்பிட்டுட்டு வந்து பேசும்மா!” என்றார் இன்னொருவர். அரங்கமே சிரித்தது. கமென்ட்ரி அக்காவால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை.

பூட்டுக்காரர் அவள் பக்கம் சாய்ந்தார். “தொண்டையை நெரிச்சுக்கிட்டு எதுக்குப் பேசறா உன் பொண்ணு?”

“எந்தப் பொண்ணுங்க?”

“போதும்டி. மூணு வருஷமா எல்லா நாடகத்துலயும் ஒருத்தி நடந்து வர்றா. தட்டை வைக்கிற சத்தம் கேக்குது. யாரு வச்சான்னு நீ சொல்றதே இல்லை. அவ நடக்கிறப்பெல்லாம் உனக்கு மட்டும் பேச்சு நின்னுபோகுது. அது யாருன்னு கண்டுபிடிக்க எனக்குக் கண்ணு வேற வேணுமா?”

“தெரிஞ்சேதான் வந்தீங்களா?”

“பின்னே? இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நாடகம் பார்க்கவா வந்தேன்?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அன்னிக்கு வாசல்ல நின்னு அப்படிச் சொல்லிட்டு நானா எப்படி ஆரம்பிக்கிறது? நீ கேப்பேன்னு பார்த்தேன். நீ கேட்டிருந்தா சரின்னிருப்பேன்.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பாள். அதற்கும் நேரமில்லை. எழுந்து நின்று, “சத்தமாப் பேசும்மா! அப்பாவுக்குத் தெரியும்! சத்தமாப் பேசு!” என்று கத்தினாள்.

அதற்குள் மாடி முழுக்க அதையேதான் கத்திக்கொண்டிருந்தது. சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு என்று காலைத் தரையில் உதைத்துத் தாளம் போட்டார்கள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, “கமென்ட்ரி அக்காவே ஆரம்பிச்சுட்டாங்கடா” என்று சிரித்தார். மகள் நெற்றியில் கையை வைத்து விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டைப் பார்த்தாள். தன் தாய் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்துவது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், வார்த்தை கேட்டிருக்காது. பிறகு அடுத்த வரியை இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

திரை பாதியில் மூடியது. கால் மணி நேரம் கழித்து அது விலகியபோது, அத்தை வேஷக்காரி கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு மூத்த மகளின் வசனத்தைப் படித்தாள். ஜனங்கள் அதற்குக் கைதட்டினார்கள்.

கமென்ட்ரி அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்கு வந்தாள். நடிகர்கள் போய்வரும் கதவருகே டார்ச்காரர் நின்றிருந்தார்.

“அவளைக் கூப்பிடுங்கண்ணே. சீக்கிரம்.”

“பொண்ணு போயிடுச்சுக்கா” என்றார் அவர். “முதலாளி எல்லாரு முன்னாடியும் கண்டபடி பேசிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதேன்னுட்டாரு. வேஷத்தைக் கழட்டிப் போட்டுட்டுப் பெட்டியோட கிளம்பிடுச்சு. எந்த ஊருன்னு சொல்லலை. போன் போட்டுப் பார்த்தேன், அணைச்சு வச்சிருக்கு.”

“எங்கிட்ட ஒண்ணுமே சொல்லச் சொல்லலையா?”

டார்ச்காரர் பூட்டுக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அப்பா பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துச் சொல்லச் சொல்லுச்சு” என்றார்.

“பரவாயில்லை, சொல்லுங்க” என்றார் பூட்டுக்காரர்.

டார்ச்காரர் தயங்கினார். பிறகு, “கடைசிவரைக்கும் அப்பாவுக்குத் தெரியாமப் பேசிட்டேன், அம்மா பயப்படவேண்டாம்னு சொல்லச் சொல்லுச்சு” என்றார்.