ரோலரில் நின்றது யார்

மேனேஜர் எழுந்து போன பிறகும் அவர் பூசியிருந்த சென்ட்டின் வாசனை அந்த மாடி வீட்டை விட்டுப் போகவில்லை. சின்னவள் கதவைத் தாழிட்டாள். தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். புகுந்த குடும்பத்துக்குக் கடைசி மருமகள் என்பதால் அவள் எல்லாருக்கும் சின்னவள்.

அந்த ஆள் அதட்டியிருந்தால்கூட இத்தனை நடுக்கம் வந்திருக்காது. அவரோ பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி பேசினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நாளைக்கு லேபர் ஆபீஸ் விசாரணைக்கு வராதம்மா. மனுவை வாபஸ் வாங்கிடு, முதலாளிகிட்ட சொல்லி ஒரு மாச சம்பளம் வாங்கித் தரேன். வந்தேன்னு வை, அதிகாரியம்மா கேப்பாங்க, இந்த மனுவுல இருக்கற கையெழுத்து யாரோடதுன்னு. அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டா உள்ள வெப்பாங்க. வயசுக்கு வந்த பொண்ணை வெச்சிருக்க, யோசிச்சுக்க."

என்ன கையெழுத்து, யாருடையது என்றுதானே கேட்கிறீர்கள் கண்ணுகளா? சொல்கிறேன்.

ஊரிலுள்ள ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துத் தரும் சலவைக் கம்பெனியின் மேனேஜர் அவர். துவைத்த விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான ரோலருக்குள் இரண்டு பெண்கள் கொடுக்க வேண்டும். கொடுத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். அசந்தால் விரிப்போடு விரலும் போகும். சின்னவளின் நாத்தனார், அவள் புருஷனுக்கு அக்கா, வருஷக்கணக்கில் அந்த ரோலரில் நின்றவள். அவளுக்குத் தண்டுவடத்தில் ஆபரேஷன் ஆகி, ஆறு ஏழு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கம்பெனியில் 'ஆள் நிறுத்துவது' என்று ஒரு பழக்கம் உண்டு. படுத்துவிட்டவள் தன் வீட்டிலிருந்தே ஒருத்தியை அனுப்பித் தன் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தன் பேட்ஜையும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். இது முதலாளிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். ரோலர் நிற்காமல் ஓடினால் போதும், யார் நின்றால் என்ன?

அப்படித்தான் சின்னவள் போனாள். சம்பளத்தில் நாத்தனாருக்குப் பாதி, இவளுக்குப் பாதி என்பது பேச்சு. பேட்ஜோடு பட்டப்பெயரும் சேர்ந்து வந்தது. நாத்தனாரின் குரலுக்கு அங்கே 'சைரன்' என்று பெயர். பக்கத்தில் நிற்பவளுக்கே காதில் விழாத குரல் சின்னவளுடையது, ஆனாலும் அவளும் சைரன்தான். "இந்த சைரனுக்கு கரண்ட் இல்லப்பா" என்று சிரிப்பார்கள். தினமும் காலையில் வருகைப் பதிவில் நாத்தனார் பெயரையே கையெழுத்தாகப் போட்டுவிட்டு ரோலருக்குப் போவாள்.

முதலில் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு 'அடுத்த வாரம்' என்றார்கள். அந்த அடுத்த வாரம் நான்கு மாதமாகியும் வரவில்லை. ஒருநாள் எல்லார் எதிரிலும் வாய் திறந்து கேட்டுவிட்டாள். அன்றைக்கே பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதைவிட நாத்தனார் நம்பாததுதான் பெரிய அடி. "முதலாளி குடுக்கலையாம், இவ வாங்கலையாம். யார் காதுல பூ சுத்துறா?" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். லாரி ஓட்டப் போன புருஷன் அனுப்புவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. வாடகை பாக்கி ஏறிப்போய், மாசக் கடைசிக்குள் தராவிட்டால் வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல்தான் தொழிலாளர் அலுவலகத்தின் படியேறினாள்.

அங்கேதான் அவள் கை அவளைக் காட்டிக்கொடுத்தது. பெயரெழுதிக் கையெழுத்துப் போடு என்று குமாஸ்தா காகிதத்தை நீட்டினார். கம்பெனி, சம்பளம், கையெழுத்து என்றதும் பழகிய கை நாத்தனார் பெயரையே எழுதிவிட்டது. படியிறங்கி வெயிலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி ஓடினாள். அதற்குள் குமாஸ்தா முத்திரை குத்திவிட்டார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் பயந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். சில பயம் அப்படித்தான் கண்ணுகளா, சின்னதாக இருக்கும்போதே பிடுங்காவிட்டால் வேர் விட்டுவிடும்.

மேனேஜர் போன அன்று சாயந்திரமே, மானத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி உள்ளே நின்றே எல்லாவற்றையும் கேட்டாள். மேனேஜர் வீடு தேடி வந்தார் என்ற இடத்தில் மட்டும் அவள் புருவம் ஏறியது.

"எங்கிட்ட கேட்டுட்டா என் பேர போட்ட?"

"தெரியாம போட்டுட்டேன் அண்ணி."

"தெரியாம போட்டவளுக்குத் தெரிஞ்சு அழிக்கத் தெரியலையா? போ. போய் உம் புள்ளயப் பாரு."

மறுநாள் அலுவலகத்துக்குச் சின்னவள் தனியாகத்தான் போனாள். போகாமல் இருந்துவிடலாம் என்று நூறு தடவை நினைத்தாள். போகாவிட்டால் வீடு போகும், போனால் தானே ஜெயிலுக்குப் போக நேரலாம். இரண்டில் வீடுதான் மகளுக்கு வேண்டும் என்று தோன்றியது. யாராவது கேட்டால் அம்மா சீக்கிரம் வந்துவிடுவாள் என்று சொல்லும்படி மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நீளமான அறை. மின்விசிறி சுற்றச் சுற்ற மேசைக் காகிதங்கள் படபடத்தன. மேனேஜர் முன்பே வந்து கால்மேல் கால் போட்டிருந்தார். இவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்பது போல. வாசலில் ஒரு போலீஸ்காரர் யாரிடமோ மணி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் வேலையாக வந்தவர்தான். ஆனால் சின்னவளுக்கு அது எப்படித் தெரியும்? தனக்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரியம்மா மனுவை எடுத்து அதிலிருந்த பெயரைப் படித்தார். சின்னவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்.

"இருக்கேன்."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கையால் சுவரையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நாத்தனார் வந்துகொண்டிருந்தாள். வந்தவள் சின்னவளை ஏறிட்டும் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தினாள். வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

அந்த நான்கு மாதமும் வேலை பார்த்தது நீங்கள்தானா என்று அதிகாரியம்மா கேட்டார். நான்தான் என்றாள் நாத்தனார், கண்ணை இமைக்காமல்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "பச்சைப் பொய் மேடம். அந்த நாலு மாசமும் இவங்க படுத்த படுக்கை. நானே ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். எங்க தொழிலாளிங்களை நாங்க அப்படிப் பாத்துக்கறோம்."

நாத்தனாரின் பாதம் சில்லிட்டுப் போனதைச் சின்னவள் உணர்ந்தாள். பொய் சொன்னதற்கு என்ன தண்டனை தெரியுமா என்று அதிகாரியம்மா நாத்தனாரைக் கேட்டார். அவர் பேனாவை மூடிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சரி, இவங்க படுத்திருந்தாங்க. அப்ப இவங்க மெஷின் நின்னுதா?"

"நிக்கலை மேடம். எங்க ரோலர் நின்னதே கிடையாது."

"யார் ஓட்டுனா?"

மேனேஜரின் கால் கீழே இறங்கியது. "யாரோ ஒரு பொண்ணு வந்துது."

"அந்த யாரோ ஒரு பொண்ணுக்குச் சம்பளம் குடுத்தீங்களா?"

மேனேஜர் துடைத்த முகத்தையே திரும்பத் துடைத்தார். "வந்து நான்தான்னு சொல்லட்டும் மேடம், குடுத்துடறோம்" என்றார். சொல்லிவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். எழுந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. வாசலில் போலீஸ்காரர் இன்னும் நின்றார். நாத்தனாரின் பாதம் இவள் பாதத்தை நசுக்கியது.

சின்னவள் பாதத்தை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"நான்தாம்மா."

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். மனுவில் கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்று சேர்த்துச் சொன்னாள்.

"அது தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா எந்திரிச்ச?"

"அண்ணி எனக்காகப் பொய் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு முதுகு ஆகாதும்மா. ஜெயில்ல தரையில படுக்க முடியாது."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு அவர் சொன்னதெல்லாம் சின்னவளுக்குத் துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. சொந்தப் பெயரில் புது மனு எழுதித் தர வேண்டும். ஆள் நின்றதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது, அதனால் முழுச் சம்பளமும் வெள்ளிக்கிழமைக்குள் இந்த மேசைக்கு வந்துசேர வேண்டும். கையெழுத்து விஷயத்தை மேலே எழுதுவேன், தேவைப்பட்டால் கடிதம் போட்டுக் கூப்பிடுவார்கள். கடிதம் என்ற சொல் மட்டும் அவளுக்கு முழுசாகக் கேட்டது.

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"யாருடி உன்ன எந்திரிக்கச் சொன்னது?"

"நீங்க ஏன் அண்ணி வந்தீங்க?"

"வீடு தேடி வந்து மிரட்டுறான்னா காசு குடுக்கலைன்னுதானே அர்த்தம்? குடுத்தவன் எதுக்கு மிரட்டப்போறான்? எம் புத்திக்கு அது நேத்துதான் ஏறுச்சு." அவ்வளவுதான் அவள் மன்னிப்புக் கேட்டது. அதற்குமேல் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தது. வீட்டுக்காரம்மா வாடகையை வாங்கிக்கொண்டாள், வீடு நிலைத்தது. பயம் மட்டும் காலி செய்யவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டாலே சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அதைப் பார்த்துவிட்டு மகள் சொல்ல, மகள் சொன்னதைக் கேட்டு நாத்தனார் தபால் வரும் நேரத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். முதுகு வலிக்க வலிக்க மாடிப்படி இறங்கிப் போய்த் தபாலை வாங்கிப் பார்ப்பாள். இவள் மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கீழேயிருந்து தெருவுக்கே கேட்கும்படி குரல் வரும்.

"கரண்ட் பில்லுடி! மூச்சு விடு!"