நாற்பது வாசகர்கள்

கடிதக் கட்டைப் பிரித்து அடுப்புக்குள் திணித்தாள் ஹிண்டா. சனியன், தீப்பிடிக்கவில்லை. மெல்போர்ன் குளிர்காலத்து ஈரம் காகிதத்திலும் ஏறியிருந்தது.

"தெருமுனைல ரெண்டு கார் நிக்குது!" மூச்சிரைக்க ஓடிவந்தான் லைசர். இத்திஷ் என்னும் யூத மொழியில் அவள் தனியாளாக நடத்தும் மாதப் பத்திரிகைக்கு ஒன்பது வருடமாக அச்சுக் கோர்ப்பவன்.

"அடுப்புப் பக்கம் வராதே!"

"வாசகர் கடிதமா? அடிப்பாவி! பிழை திருத்தி நீ எழுதிக் குடுத்ததைத்தானே நான் பார்த்திருக்கேன். மாசாமாசம் எழுதறாளே அந்த ஷிப்ரா, அவ கையெழுத்தை ஒரே ஒரு தடவை காட்டேன்!"

"பேரிக்காய்த் தோட்டத்து விதவை மேல அறுபது வயசுல மயக்கமா?"

"சிரி, சிரி. போன மாசம் தனியா உப்பு மீன் தின்னதைப் பத்தி எழுதியிருந்தாளே... ரெண்டு நாள் எனக்கு வேலையே ஓடலை."

கடைசித் தாளும் கருகியது. கதவு அதிர்ந்தது.

உள்ளே வந்த உளவுத்துறை அதிகாரி தொப்பியைக் கழற்றவில்லை. மேஜைமேல் பத்திரிகையை வீசினார்.

"மொழிபெயர்க்க வெச்சுப் பார்த்தோம். கம்யூனிஸ்ட் கட்சியை அரசாங்கம் தடை செய்யக்கூடாதுன்னு நாற்பது பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தருக்கும் முகவரி இல்லை. யார் இவங்க?"

"வாசகர்கள்."

"அடுப்புல என்ன?"

"குளிர் தாங்கலை."

அதிகாரி லைசர் பக்கம் திரும்பினார். "உன் குடியுரிமை மனு இன்னும் எங்க மேஜைலதான் இருக்கு. அச்சுக் கோர்த்தவனுக்குத் தெரியாம இருக்குமா? வண்டில ஏறு."

லைசர் கோட்டை எடுத்தான். அதிகாரிக்குப் புரியாத இத்திஷில் முணுமுணுத்தான். "பயப்படாதே ஹிண்டா. தோலை உரிச்சாலும் ஷிப்ரா ஊரைச் சொல்லமாட்டேன்."

ஹிண்டா பேசாமலிருந்தால் அவனை நாடு கடத்திக் கப்பலேற்றிவிடுவார்கள். பேசினால் ஒன்பது வருடப் பத்திரிகை இந்த அறையிலேயே செத்துப்போகும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவளும் கடிகாரமும்தான்.

லைசர் வாசற்படியில் கால் வைத்தான்.

"அவனை விடுங்க! நாற்பது பேரையும் காட்டறேன்."

"வாயை மூடு ஹிண்டா! காட்டிக் குடுக்கறியா?" லைசர் அலறினான்.

அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். "முகவரி?"

"இந்த வீடுதான். நாற்பதுக்கும் இதே முகவரி. எல்லாம் நான் எழுதினது."

கோட்டுக்குள் ஒரு கை மட்டும் நுழைந்திருக்க, லைசர் அப்படியே நின்றான்.

"ஷிப்ரா?"

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"அவளும்தான். ஒன்பது வருஷத்துல எனக்குன்னு ஒரு வாசகன்கூடக் கடிதம் போட்டதில்லை, லைசர்."