ஃபிளாஸ்கில் வந்த விருந்தாளி

கால்நடை ஆஸ்பத்திரியின் பின்கட்டில், செத்த ஆடு, மாடு, கோழிகளின் வயிற்றைத் திறந்து, உள்ளே வாடகையில்லாமல் குடியிருந்தவர்களை விசாரிப்பதுதான் அவர் பிழைப்பு. எல்லோருக்கும் அவர் 'பூச்சி சார்'. அந்தப் பட்டத்துக்கு உரிய மரியாதையும் கிடைத்தது: மதியச் சாப்பாட்டுக்கு அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

ஆட்டு ஈரலில் தட்டைப்புழுவைப் பார்த்தால் போதும், அந்த ஆடு எந்தக் குட்டையோரம் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் பெற்ற மகளிடம் "எப்போது வருகிறாய்?" என்று கேட்க மட்டும் வாய் வராது. அவள் கடல் தாண்டி, குளிர்க்கடலோர நகரம் ஒன்றில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். போனவள் இன்னும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனில் அவர் அங்கே மழையா என்பார், குளிரா என்பார், நத்தை உண்டா என்பார். கடைசிக் கேள்விக்காக அவள் சேற்றுக் கரையில் இறங்கி, செருப்பைப் பாழாக்கிக்கொண்டு, ஒரு படமே எடுத்து அனுப்பியிருந்தாள். வரிவரியான கூம்பு ஓடு.

அன்று மதியம் ஏரிக் காவலாளி ஒரு துணிப்பையோடு வந்தார். "கண்ணாடிக் கட்டடத்துல மோதி விழுந்து செத்துருச்சு சார். இன்னும் உடம்புச் சூடு ஆறல."

நீள மூக்கு உள்ளான். குளிருக்குப் பயந்து மகள் இருக்கும் பக்கத்திலிருந்து இங்கே வருகிற பறவை. இப்போதுதான் வந்து இறங்கியிருக்க வேண்டும். சதை கரைந்து மார்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. குடலைத் திறந்து உப்புநீரில் அலசினார். அரிசிக் குருணை அளவில் ஒரு தட்டைப்புழு, உயிரோடு நெளிந்தது. தெரிந்த முகமாக இல்லை.

புத்தகத்தைப் புரட்டினார். அதன் குஞ்சு ஒரே ஒரு வகை நத்தைக்குள்தான் வளருமாம். அந்த நத்தை குளிர்க்கடல் சேற்றில்தான் இருக்குமாம். நத்தையின் படத்துக்குப் பக்கத்தில் மகள் அனுப்பிய படத்தை வைத்துப் பார்த்தார். அதே கூம்பு, அதே வரி. லீவு கேட்காமல், டிக்கெட் எடுக்காமல் இது வந்துவிட்டது. ஒரு புழுவைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

முறைப்படி அதை ஆல்கஹாலில் போட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். அவர் தன் டீ ஃபிளாஸ்கைக் கழுவி, வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றி, அதில் விட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"என்னங்க அது ஃபிளாஸ்க்குல?" என்றாள் மனைவி.

"விருந்தாளி."

எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல ஆம்பளைங்க வேலை முடிஞ்சு வர்றப்ப பிஸ்கட், கிஸ்கட்டுனு வாங்கிட்டு வர்றாங்க. எனக்கு வாச்சவரு பறவை வயித்துலேருந்து கொண்டாறாரு. இனிமே இதுல யாரு டீ குடிக்கிறது?"

"அட, அது உனக்குத் தொத்தாது. நத்தை வேணும் அதுக்கு."

வெள்ளைத் தட்டில் ஊற்றி, போன் கேமராவுக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடித்து, மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு அங்கே மதிய இடைவேளை.

"அய்யோ அப்பா, சாப்பிட்டுட்டிருக்கேன்!"

"உங்க ஊர்க்காரன்மா. நீ படம் எடுத்தியே நத்தை, அதுக்குள்ள வளந்தவன்."

மகள் மெல்லுவதை நிறுத்தினாள். "பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கே, அந்தக் கரையிலயா?"

"அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது." கொஞ்சம் யோசித்தார். "அதாவும் இருக்கலாம்."

"இனிமே இங்கயே, அதாவது அங்கயே, பொழைச்சுக்குமாப்பா?"

"எங்க? முட்டை போடும், குஞ்சு பொரிக்கும், நத்தையத் தேடும். இங்க அந்த நத்தை இல்லையே. வந்துட்டுப் போகலாம், அவ்வளவுதான். இதோட பொழப்பெல்லாம் அங்கதான்."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மகள் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "புழு வந்தது இருக்கட்டும். நீ எப்ப வர்ற?" அவர் இத்தனை காலம் மழை, குளிர், நத்தை என்று சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை, மணி என்ன என்பதுபோல் கேட்டுவிட்டாள்.

"இந்த வருசமும் முடியாதும்மா. ஆளில்லைனு லீவு தர மாட்டேங்கறாங்க."

"சரி, நீ சாப்பிடு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள் மறுபடி தேய்படும் சத்தம் கேட்டது.

"அப்பா, அத ஆல்கஹால்ல போட்டுருவீங்களா?"

"போடணும். தண்ணி ஆறினாலே அடங்கிரும்."

"கொஞ்ச நேரம் வெச்சிருங்களேன். நானும் பாத்துட்டிருக்கேன்."

போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை அசையாமல் பிடித்தார். புழு சுருங்கி, நீண்டு, சுருங்கியது.

"அங்க மழையாம்மா?"

"ம். நசநசன்னு."

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி டம்ளரோடு வந்து நின்றாள். ஆவி லேசாக எழுந்தது.

"ஆறிப்போகுதுல்ல? உப்பு எவ்வளவு போடணும்னு சொல்லுங்க."

"ஒரு சிட்டிகைக்கும் கம்மி."

அவள் கலக்கி, விரலை விட்டுச் சூடு பார்த்துத் தட்டின் ஓரமாகச் சாய்த்தாள்.

"மெதுவாம்மா," என்றது போன்.