சுப்ரப்தி வாங்காத வண்டி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பெக்காசி நகரம், மெலாத்தி சந்தில் காலை வேளையில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் சுப்ரப்தி என்னும் பெண்மணி, ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு வாங்கி, ஒரு தவணைகூடக் கட்டாமல், இந்தோனேசியக் குடியரசின் நிதி அமைப்பையே ஆட்டம் காண வைத்துவிட்டார். அவருக்கு மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாது என்பதைக் குடியரசு பொருட்படுத்தவில்லை.

சுப்ரப்திக்கே இந்தச் சேதி வங்கியில்தான் தெரிந்தது. சிகாரங் பக்கம் அரசு மானியத்தில் கட்டும் வீடுகளில், மூலை வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தாள். ஜூலை கடைசிக்குள் வங்கிக்கடன் கிடைத்தால் வீடு அவளுக்கு. இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு. கணினியைப் பார்த்த வங்கிப் பெண், கெட்ட நோயைச் சொல்லப்போகும் டாக்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, அம்மா என்பதற்கு அங்கே சொல்லும் 'இபு'வில் தொடங்கினாள்.

"இபு, உங்க கடன் அறிக்கையில அஞ்சாம் தரம்னு வருது."

"அஞ்சா? நல்லதுதானேம்மா?"

"ஒண்ணுதான் நல்லது இபு. அஞ்சுக்குக் கீழ நரகம்தான். வண்டிக்கடன் குடுத்த கம்பெனி திருத்தினாத்தான் உண்டு, நாங்க கை வைக்க முடியாது."

வண்டிக்கடன் கம்பெனியில் டை கட்டிய பையன் ஒருவன் இருந்தான்.

"கறுப்பு வண்டி, டேங்க்ல பச்சைக் கோடு. அடையாள அட்டை நகல் உங்களுதுதான். வண்டி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க இபு, தூக்கிட்டு வந்துடுறோம். நாங்களும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

வண்டி எங்கே நிற்கிறது என்று சுப்ரப்திக்குத் தெரியும். தினமும் காலையில் அவள் சோற்றுப் பானைக்கு நேராகப் புகை விட்டுத்தான் அது கிளம்பும். ஓட்டுகிறவன் ரெண்ட்ரா, தெருத்தலைவர் பாக் சஸ்மிதோவின், அதாவது சஸ்மிதோ ஐயாவின், மகன். நோன்புப் பெருநாள் அரிசி தருவதாகச் சொல்லி வீட்டுக்கு வீடு அடையாள அட்டை நகல் வாங்கிப் போனவர் பாக் சஸ்மிதோ. அந்தச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டால்கூட எதற்கென்று கேட்பார்கள். தெருத்தலைவர் நகல் கேட்டால் எதற்கென்று கேட்பது மரியாதை அல்ல.

"இது என் கடன் இல்லை தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

"அவ்வளவுதானே? அதையே எழுதி, உங்க தெருத்தலைவர்கிட்ட கையெழுத்தும் முத்திரையும் வாங்கிட்டு வாங்க. ரெண்டே நாள்ல அழிச்சுடலாம்."

அன்று சாயங்காலம் அவள் கணவன் காஸ்னோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"திருடன்கிட்டயே போயி, திருடினது நான் இல்லன்னு சீட்டு வாங்கணுமா! நல்லா இருக்குடி நம்ம நாடு."

"மெதுவாப் பேசுங்க மாஸ்" என்று கணவனை அடக்கினாள். "கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே. அந்த டைக்காரன்கிட்ட வண்டி நிக்கிற எடத்தச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"சொன்னா முத்திரைய யாரு போடுவா? நீங்களா? உங்க மூஞ்சியத் தாள்ல ஒத்தி எடுத்தா வங்கியில ஏத்துக்குவாங்களா?"

காஸ்னோ சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

பாக் சஸ்மிதோ பாத்திக் சட்டை போட்டு, தெருத்தலைவர் முத்திரையை பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு ஜனாதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் நீலத் தார்ப்பாய்க்குள் ஏதோ ஒன்று கல்யாணப் பெண் போல மூடிக்கிடந்தது. சுப்ரப்தி சொல்லச் சொல்ல அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என் தெருவுலயா? ஒரு ஏழைத் தாய் பேருக்குக் களங்கமா? எனக்கு எப்படி வலிக்குது தெரியுமா, இபு?"

சுப்ரப்தி தார்ப்பாயைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"எந்த வீடு இபு? விலை கட்டுப்படியாகுதா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தவள் ஆசை ஆசையாகச் சொன்னாள். மூலை வீடு, பின்னால் துணி காயப்போட இடம், விலை, தவணை, கெடு, எல்லாவற்றையும்.

"பிரமாதம். ஆனா அவசரப்படக் கூடாது. நாம எல்லாம் ஒரே குடும்பம். ஊரைக் கூட்டி, கலந்து பேசி, எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் முத்திரை. சுதந்திர தின விழா முடியட்டும்."

"இந்த மாசக் கடைசியில கெடு முடியுது, பாக்."

"நம்ம நாடு விடுதலைக்கு எத்தன வருஷம் காத்திருந்துச்சு, இபு?"

மறுநாள் முதல் அவர் வீட்டுக்குத் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த முட்டையும் போயின. பாத்திரம் காலியாகத் திரும்பும். முத்திரை வராது. "சம்பல்ல இன்னும் கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கலாம்" என்று ஒருநாள் சொல்லி அனுப்பினார். ஜூலை முடிந்தது.

சுதந்திர தினமான ஆகஸ்டு பதினேழு அன்று, அப்பளம் தின்னும் போட்டிக்கும் வழுக்குமரம் ஏறும் போட்டிக்கும் நடுவே, பாக் சஸ்மிதோ ஒலிபெருக்கியைப் பிடித்தார். விடுதலைக்கு ரத்தம் சிந்தியவர்களில் தொடங்கி, தன் நிர்வாகத்தில் சாக்கடை தூர் வாரியது வழியாக, சுப்ரப்தியிடம் வந்து சேர்ந்தார்.

"இந்தத் தாயின் மானத்தை நமது தெரு இன்று மீட்டெடுக்கிறது!"

முத்திரையில் மூச்சை ஊதி ஓங்கிக் குத்தினார். தெருவே கை தட்டியது. ரெண்ட்ரா அதைச் செல்போனில் படம் பிடித்தான். சுப்ரப்தி குனிந்து இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி, பாக்" என்றாள். கூட்டத்தின் பின்னால் காஸ்னோ, போட்டிக்கு வைத்திருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தான்.

டைக்காரப் பையன் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டே நாளில் சுப்ரப்தி ஒன்றாம் தரமானாள். கெடு போனாலும் முகத்தைப் பார்த்தால் மனம் இளகாதா என்ற நம்பிக்கையில், புது அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு சிகாரங்குக்கு பஸ் ஏறினாள்.

மூலை வீட்டு ஜன்னலில் திரை தொங்கியது. வாசலில் கறுப்பு வண்டி நின்றது, டேங்கில் பச்சைக் கோடு.

"கெடு முடிஞ்சதும் அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டோம் இபு" என்றாள் விற்பனைப் பெண். "ஜூலையிலயே அப்பாவும் பிள்ளையுமா வந்து மனுப் போட்டு வெச்சிருந்தாங்க. வங்கியில ஒரு கேள்வி கேக்கல."

ரெண்ட்ராவின் கடன் அறிக்கையில் எந்தக் குறையும் இல்லை. அவன் பெயரில் இதுவரை கடனே இருந்ததில்லை.