கேப்டனின் வலது கை

ஒரே ஒரு ‘ம்’. ஒவிதியோ செய்த பாவம் அவ்வளவுதான்.

நான்கு வருஷத்துக்கு முன், கொலம்பியாவின் வில்லாவிசென்சியோ ஊரில் அன்செல்மோ வீட்டு மாடியறைக்கு அவர் முதல் தடவையாகப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பைத்தியங்கள் சனிக்கிழமைதோறும் கூடுகிற இடம் அது. திரையில் அடைமழை. அதற்குள் ஒரு விமானத்தை ஒவிதியோ பூப்போல இறக்கிவைத்தார். “நிஜத்துலயும் ஓட்டியிருக்கீங்களா?” என்று யாரோ கேட்டார்கள். இந்த வாய் சும்மா கிடந்திருக்கலாம். “ம்” என்றது. அடுத்த வாரமே அவர் ‘கேப்டன்’ ஆகிவிட்டார்.

மற்ற நாட்களில் அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். அங்கே முதலாளி அவரைக் கூப்பிடுவது “ஏய்” என்று. இங்கே முதல் காப்பி அவருக்கு, ஃபேனுக்கு நேரான நாற்காலி அவருக்கு. யாருக்குத்தான் விட மனசு வரும்?

இந்தச் சனிக்கிழமை ஒரு பஞ்சாயத்து இருந்தது. மயாமி போயிருந்த அன்செல்மோவின் மச்சான் ஊர் திரும்புகிறார். சங்கத்துக்காரர்கள் ஐந்து பேருக்கும் அவர் பெட்டியில் இடம் உண்டு. ஆனால் ஒரே சாமானாக ஐந்து எடுத்தால்தான் கடைக்காரன் விலையைக் குறைப்பானாம். ஒற்றைக் கையால் பிடிக்கிற ஜாய்ஸ்டிக்கா, கார் ஸ்டீயரிங்கைப் பாதியாக வெட்டியதுபோல் இரண்டு கையாலும் பிடிக்கிற யோக்கா? மாதிரிக்கு இரண்டிலும் ஒவ்வொன்றை இரவல் வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார்கள். தீர்ப்பு, வழக்கம்போல, கேப்டனுடையது.

ஜாய்ஸ்டிக் என்று சொல்ல வேண்டும் என்பதை ஒவிதியோ வீட்டிலேயே முடிவு செய்திருந்தார். காரணம் லிசிமாக்கோ. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். போன வருஷம் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் விமானத்தைக் கீபோர்டில் தட்டித் தட்டித்தான் ஓட்டுகிறார், பாவம். ஜாய்ஸ்டிக் என்றால் ஒரு கை போதும். முறுக்கினால் மூக்கு திரும்பும், கட்டைவிரலால் வேகத்தைக் கூட்டலாம். யோக் வந்தால் அவருக்கு அது சுவரில் மாட்டிவைக்கத்தான் ஆகும். தனியாக வாங்க அவரிடம் வசதியில்லை.

“கேப்டன், ரெண்டையும் ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க” என்றார் அன்செல்மோ.

ஒவிதியோ உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். கதவோரம் அரிசி ரொட்டியைக் கடித்தபடி அன்செல்மோவின் மகள் யுலியெத் நின்றிருந்தாள். பொகோத்தாவில் துணை விமானியாகச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. லீவில் வந்திருந்தாள்.

“கேப்டன், நீங்க இடது சீட்டுதானே?”

“ஆமாம்மா. கேப்டன்னா இடது சீட்டுதானே.”

“இடது சீட்டுக்கு ஸ்டிக் இடது பக்கமாச்சே? வலது கை எஞ்சின் லீவர்ல இருக்கும். நீங்க என்ன, வலது சீட்டுல இருக்கிற என்னை மாதிரி வலது கையால பிடிக்கிறீங்க?”

குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வீட்டு மேஜையில் ஓட்டிப் பழகியவன் எவனும் வலது கையால்தான் பிடிப்பான், அதுதான் வினை. சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்போல ஒவிதியோ கையை எடுத்தார்.

“எங்க காலத்துல ஸ்டிக் ஏதும்மா? எல்லாம் யோக்தான். நான் இதைத் தொட்டதே இல்ல. இது சும்மா பொம்மை, பிள்ளைங்க விளையாடுறது.”

எல்லாரும் சிரித்தார்கள். லிசிமாக்கோவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“அப்போ யோக்! மச்சானுக்கு மெசேஜ் போட்டுடவா?” அன்செல்மோ போனை எடுத்துவிட்டார்.

“இருங்க, இருங்க. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்” என்று ஒவிதியோ சமையலறைக்கு ஓடினார்.

லிசிமாக்கோ பின்னாலேயே வந்தார். அவரைக் கண்டதும் ஒவிதியோவுக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, உங்களுக்கு ஸ்டிக்தான் சரி. ஆனா நான் அதைச் சொன்னா, அந்தப் பொண்ணு ‘ஓட்டிக் காட்டுங்க’ம்பா, ஒவ்வொண்ணா கேப்பா. நான் மாட்டிப்பேன். நான் கேப்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ப்ளேன்ல ஏறினதே—”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மெத்தைக்கடை. என் சம்சாரம் உங்ககிட்டதான் வாங்கினா. நான் வாசல்லயே நின்னுட்டேன். உங்க முதலாளி உங்கள நாய்மாதிரி திட்டிக்கிட்டு இருந்தான். அந்த நேரத்துல உள்ள வந்து வணக்கம் சொல்லவா முடியும்? மெத்தையும் சொல்லிக்கிற மாதிரி இல்ல, நடுவுல குழி விழுந்துடுச்சு.”

ஒவிதியோவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. “அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொல்லி? வீட்ல நான் படுத்தா ‘புரண்டு படுங்க’ம்பாங்க, எழுந்தா ‘பாத்து’ம்பாங்க. இங்க வந்தா, ஒரு கேப்டன் என்கிட்ட ‘லிசிமாக்கோ, காத்து வலப்பக்கம் அடிக்குது, கவனம்’னு சொல்றார். அதைக் கேக்கத்தான்யா இந்த மாடிப்படி ஏறுறேன்.”

“வேண்டாம்ணே, நான் போட்டு உடைச்சிடுறேன். உங்களுக்கு ஸ்டிக் வரும். எனக்கும் இந்த வேஷத்துலேருந்து விடுதலை.”

“உங்களுக்கு விடுதலை. எனக்கு?” லிசிமாக்கோ நல்ல கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “மெத்தைக்காரன் ஒருத்தன், கை விழுந்தவன் ஒருத்தன், ரெண்டு பேரும் பொம்மை ஓட்டுறோம்னு ஆயிடும். உடைச்சீங்கன்னா, நான் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன். போய் யோக்னு சொல்லுங்க கேப்டன்.”

‘கேப்டன்’ என்று அவர் சொன்னது ஒவிதியோவின் காதில் கதவைத் தாழ்போட்ட சத்தமாக விழுந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் போய்விடுவார். பொய்யைச் சொன்னால் இந்த மனிதர் கீபோர்டோடு கிடப்பார். அந்த ஒரு ‘ம்’மை நினைத்துத் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் மாடியேறினார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். யுலியெத் அவருக்காக நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டிருந்தாள். ஒவிதியோ லிசிமாக்கோவைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையை ஆட்டினார்.

“யோக்” என்றார் ஒவிதியோ.

“அப்படிச் சொல்லுங்க!” அன்செல்மோ அங்கேயே மச்சானுக்குச் செய்தி அனுப்பினார். அறை முழுக்கக் கைதட்டல். லிசிமாக்கோவும் தட்டினார், வலது உள்ளங்கையால் தன் தொடையில், மற்ற எல்லாரையும்விடப் பலமாக.