நாற்காலிக்கு வைத்த வெளிச்சம்

தொலைக்காட்சித் தொடர்களில் அவளுக்குக் கிடைத்த பெயர் 'கேமரா மேடம்'. மாமியார், மருமகள், பின்னால் இருக்கும் சுவர் மூன்றுக்கும் ஒரே வெளிச்சம் வைத்துப் பல வருடம் ஓட்டியவள். இப்போதுதான் முதல் சினிமா. தயாரிப்பாளருக்கு இஷ்டமில்லை. "சீரியல் கை. எதைக் கொடுத்தாலும் டியூப்லைட் போட்ட மாதிரி ஆக்கிடும்" என்றார். இயக்குநர் பிடிவாதம் பிடித்ததில் ஒரு சமரசம் ஆனது. முதல் நாள் எடுப்பதைத் தயாரிப்பாளர் பார்ப்பார். பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு ஆள். இது தெரியாமல் அவள் அம்மா, மகள் சினிமாவுக்குப் போய்விட்டதாகச் சித்தி, பெரியம்மா வரை போன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தாள்.

படப்பிடிப்பு ஆளில்லாத ஒரு வீட்டின் மாடியறையில். ஒரே ஜன்னல், அதனருகே ஒரு மர நாற்காலி. திரும்பி வராத ஒருவனுக்காக ஒரு பெண் காத்திருக்கும் காட்சி.

நாயகி மேக்கப்பில் இருக்கும்போது, ஏறக்குறைய அதே உயரமுள்ள ஒருத்தியை அவள் இடத்தில் உட்காரவைத்து விளக்கு வைப்பது சினிமா வழக்கம். தொடர்களில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. அதனால் காலையில் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபோது நாற்காலியில் ஒரு பெண் தயாராக உட்கார்ந்திருந்ததை கேமரா மேடம் பெரிய வசதியாகவே எடுத்துக்கொண்டாள். ஒல்லியான பெண். ஒடுங்கிய கன்னம். கைகள் மடியில்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க. ம்... போதும்."

அந்தப் பெண் திரும்பினாள். கொட்டாவி விடவில்லை, போனைத் தேடவில்லை.

வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் வேலை செய்வது கேமரா மேடத்தின் பழக்கம். எடுத்தால் நிழலுக்குப் பழகிய கண் கெட்டுவிடும் என்பாள். குரலாலேயே லைட்மேனை அங்கும் இங்கும் நகர்த்தினாள். அந்தப் பெண்ணின் கண்குழிகள் ஆழமானவை. வெளிச்சம் உள்ளே இறங்க மறுத்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மோகோல் அட்டையைத் தரையோடு தரையாகச் சாய்க்கச் சொன்னாள். மேலிருந்து வந்த வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் வெட்டினாள். கடைசியில் இரண்டு கண்களிலும் ஒரு பொட்டு ஒளி விழுந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

பின்னால் மூச்சிரைக்கும் குரல் கேட்டது. "ஸாரி மேடம், வண்டி வழியில நின்னுடுச்சு. ஹீரோயினுக்குப் பதிலா உக்கார வந்திருக்கேன். எங்க உக்காரணும்?"

கண்ணை எடுத்தாள். வாசலில் நெடுநெடுவென்று ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

"அண்ணே, இவ்வளவு நேரம் இங்க உக்காந்திருந்தது யாரு?"

லைட்மேன் சிரித்தார். "யாரும் இல்லையே மேடம். நீங்களாதான் பேசிக்கிட்டிருந்தீங்க. வெறும் நாற்காலிக்கே இவ்வளவு மரியாதையான்னு நெனச்சேன். பெரிய கேமராமேன் எல்லாருமே அரைக்கிறுக்குதான். சரி, மேடமும் பெரிய ஆளாயிட்டாங்கன்னு விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாயகி வந்து உட்கார்ந்தாள். நல்ல உயரம், உருண்டை முகம். வெளிச்சம் அவள் கழுத்தில் விழுந்தது; கண் இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

"என்னக்கா இது?" இயக்குநர் அப்போதுதான் மாட்டிய மானிட்டரைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். "மூஞ்சியே தெரியல. புரொட்யூசர் கீழ வந்து இறங்கிட்டாரு. உங்களுக்காக நான்தான் மல்லுக்கட்டினேன், மானத்த வாங்கிடாதீங்க."

மாற்றுவது பெரிய வேலை இல்லை. அட்டையைத் தூக்கித் துணியை எடுத்தால் முகம் பளிச்சென்று தெரியும், தொடர்களில் அவள் எடுத்த எல்லா முகங்களையும் போல. தயாரிப்பாளர் சொன்னதும் சரியென்று ஆகிவிடும்.

அவள் மறுபடி கண்ணை வைத்தாள்.

"லைட்ட யாரும் தொடாதீங்க" என்றாள். பிறகு நாயகியிடம், "நாற்காலி நுனிக்கு வாங்கம்மா. முதுக தளர்த்துங்க. இன்னும் எறங்குங்க. கன்னத்த உள்ள இழுங்க. கை மடியில."

"இப்படியா மேடம்? கழுத்து சுளுக்கிக்கும் போல." நாயகி சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. இன்னும் கொஞ்சம்."

ஒவ்வொரு சொல்லுக்கும் நாயகி கொஞ்சம் ஒடுங்கினாள். சொல்வதை நிறுத்திய பிறகும் ஒடுங்கிக்கொண்டே போனாள். கண்களில் ஒளி விழுந்தது.

கேமரா ஓடியது. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். லைட்மேன் இருமியதும்தான் சொன்னார். மாடி ஏறி வந்திருந்த தயாரிப்பாளர் மானிட்டரை விட்டு நகரவில்லை.

"நம்ம ஹீரோயினா இது? நடுங்குதுய்யா எனக்கு. படம் முழுக்க நீங்கதான் மேடம், போதுமா?"

நாயகி எழுந்திருக்கவில்லை. மேக்கப் அக்கா தண்ணீர் பாட்டிலோடு போய்க் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தோளைத் தொட்டவள் உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன இப்படிச் சில்லுனு இருக்கா! கூப்பிட்டா காதுலயே விழல. மேடம், நீங்க சொல்லச் சொல்லத்தானே இப்படி ஆயிட்டா? நீங்களே சொல்லுங்க, அப்பத்தான் எந்திரிப்பா. சீக்கிரம் சொல்லுங்க மேடம்."

வியூஃபைண்டருக்குள், காலையில் பார்த்த அந்த ஒடுங்கிய முகம் மெல்லத் திரும்பி நேராக லென்ஸைப் பார்த்தது. வெளிச்சத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

கேமரா மேடம் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு டேக் போயிடலாம்" என்றாள்.